ஏர் கூலர் வாங்குமுன் காற்றைப் பார்ப்போம்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நல அமர்வில், கோடை தொடங்கும் முன் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



இன்று பேச எடுத்துக்கொண்டது ஏர் கூலர் பற்றியும், அதன் தம்பியான ஹியூமிடிஃபையர் என்ற ஈரப்பதமூட்டி பற்றியும். ‘இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?’ என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. சென்ற கோடையில் நம் அறக்கட்டளை ஆறு வீடுகளுக்கு ஏர் கூலர் வாங்கிக் கொடுத்தது. நீங்கள் கொடுத்த ஸதகா பணத்தில் வாங்கியது. அதில் பாதி பயன்படவில்லை. ஒரு வீட்டில் அது நன்மையை விடத் தொல்லையையே கொடுத்தது. அந்தப் பணம் எங்கள் கையில் இருந்த அமானத். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. கணக்கோடு, அதிலிருந்து நாங்கள் கற்றதையும் சொல்லிவிடுகிறோம். இந்தக் கோடையில் உங்களில் பலர் சொந்தப் பணத்தில் இதே பொருளை வாங்கப் போகிறீர்கள்.

சென்ற ஆண்டு நடந்தது

ரயில் பாதைக்கு அப்பால் ஒரு சிமென்ட் ஷீட் வீடு. படுத்த படுக்கையாக ஒரு மூதாட்டி. மே மாதம் பகல் வேளையில் அந்த வீட்டுக்குள் நிற்க முடியாது. நாங்கள் கூலர் கொண்டுபோய் வைத்தோம். தண்ணீர் ஊற்றினோம், ஸ்விட்ச் போட்டோம், குளிர்ந்த காற்று வந்தது. அந்த அம்மா கையை உயர்த்தி துஆ செய்தார்கள். நாங்களும் மனநிறைவோடு வந்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து எங்கள் தன்னார்வலர் ஒருவர் இரவு எட்டு மணி அளவில் போனார். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. ‘குளிர்ச்சி வெளியே போய்விடும்’ என்று மகன் அடைத்து வைத்திருந்தார். உள்ளே கூலர் ஓடுகிறது, ஆனால் மூச்சு முட்டுகிறது. மெத்தையில் ஈரவாடை. சுவரில் கை வைத்தால் பிசுபிசுப்பு. அந்த அம்மாவுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை, வழியவும் இல்லை, காயவும் இல்லை. அவரிடம் ஒரு சிறிய ஈரப்பதமானி இருந்தது. அது 88 சதவீதம் காட்டியது.

அவர் செய்தது இவ்வளவுதான்: கூலரின் தண்ணீர் பம்ப்பை நிறுத்தினார், விசிறியை மட்டும் ஓடவிட்டார், எதிரெதிரே இருந்த இரண்டு ஜன்னல்களைத் திறந்தார். அரை மணி நேரத்தில் அந்த அம்மா ‘இப்போது தேவலை தம்பி’ என்றார்கள்.

மகன் மீது குற்றமில்லை. ஏ.சி. ஓடும்போது ஜன்னலை அடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூலருக்கு அது நேர்மாறு என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கே அப்போது தெளிவாகத் தெரியாது.

கூலர் என்ன செய்கிறது?

கூலருக்குள் குளிர்விக்கும் வாயு எதுவும் இல்லை. ஒரு தொட்டி, ஒரு சிறிய பம்ப், நனைந்த பேட், ஒரு விசிறி. விசிறி வெளிக்காற்றை நனைந்த பேட் வழியாக இழுக்கிறது. தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் காற்று குளிர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது, ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழுத்துக்கொள்கிறது. சிறிய அளவல்ல.

இது நம் வீட்டு மண்பானையின் வேலைதான். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர்விக்கிறது. வட இந்தியாவில் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதும் இதே வேலைதான்.

ஆனால் மண்பானை எல்லா நாளும் ஒரே மாதிரி குளிர்கிறதா? வறண்ட வெயில் நாளில் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி மழையில் அதே பானைத் தண்ணீர் சாதாரணமாகத்தான் இருக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், பானையிலிருந்து தண்ணீர் ஆவியாக முடியாது. கொடியில் போட்ட துணியும் அப்படியே. ஆகவே எளிய அடையாளம் இது: துணி காயாத நாளில் கூலரும் குளிராது.

இதை எண்ணில் பார்ப்போம். வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ராஜஸ்தானில் கோடைப் பகல் இப்படி இருக்கும். அங்கே நல்ல கூலர் ஒன்று காற்றை 26, 27 டிகிரி வரை இறக்கிவிடும். அதே கூலரை 35 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில் வைத்தால் 30 டிகிரிக்குத்தான் வரும். நம் ஊர் இரவைப் போல 32 டிகிரியும் 75 சதவீதமும் இருந்தால் மூன்று டிகிரி குறைவதே பெரிது. அந்த மூன்று டிகிரியைக் கொடுத்துவிட்டு, அறையின் ஈரத்தை 90 சதவீதத்துக்கு ஏற்றிவிடும்.

ஈரம் ஏறினால் உடம்புக்கு என்ன? நம் உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. ஈரக் காற்றில் வியர்வை காயாது. அதைத்தான் ‘புழுக்கம்’ என்கிறோம். இளவயதினருக்கு அது எரிச்சலோடு போய்விடும். முதியவர்களுக்கும், இதய நோய் உள்ளவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் அது ஆபத்து.

நம் ஊர்க் காற்று

பொத்தேரி கடற்கரையில் இல்லை. ஆனால் கிழக்கே கோவளம், மாமல்லபுரம் பக்கம் கடல் தொலைவில் இல்லை. பக்கத்தில் ஏரிகளும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி நம் காலைக் காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதத்துக்கு மேல்.

ஆனால் நாள் முழுவதும் அப்படி இல்லை என்பதைக் கவனியுங்கள். காலை 26 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, அதில் உள்ள நீர் ஒரு சொட்டும் குறையாமல், 37 டிகிரிக்குச் சூடேறும்போது 46 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக நீரைத் தாங்கும் என்பதே காரணம். அத்துடன் மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். கடற்காற்று உள்ளே வரும் வரை நம் பகல் நன்றாகவே வறண்டிருக்கும். கடலோரத்தில் இருப்பவர்களைவிட நமக்கு அந்தக் கடற்காற்று தாமதமாகத்தான் வந்து சேருகிறது. சில நாள் வருவதே இல்லை.

ஆக, நம் ஊரில் கூலருக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. கத்திரி வெயிலில் காலை பதினொன்று முதல் மாலை நான்கு, ஐந்து வரை. அப்போது ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தினால் அது உதவும். கடற்காற்று வந்த பிறகும், இரவிலும், மழைக்காலத்திலும் தண்ணீர் பம்ப்பை நிறுத்திவிட வேண்டும். நாங்கள் கொடுத்த ஆறு கூலர்களில் எது பயன்பட்டது தெரியுமா? பகலில் வீட்டில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரியின் வீட்டில் இருப்பதுதான். அவர் பகலில் மட்டும், வாசல் கதவைத் திறந்து வைத்து ஓட்டுகிறார்.

இன்னொன்றையும் சொல்கிறோம். சில வீடுகளில் ‘இரவு முழுக்க ஓடியும் தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை, சிக்கனமான மெஷின்’ என்று மகிழ்ந்தார்கள். தண்ணீர் குறையவில்லை என்றால் ஆவியாகவில்லை என்று பொருள். ஆவியாகவில்லை என்றால் குளிரவில்லை. அங்கே வேலை செய்தது விசிறி மட்டும்தான்.

சிலர் தொட்டியில் ஐஸ் போடுகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதில் ஏழில் ஒரு பங்குதான். முதல் சில நிமிடம் சுகமாக இருக்கும். பிறகு பழையபடியே.

வறண்ட வீடு எது?

இப்போது ஈரப்பதமூட்டிக்கு வருவோம். நம் சகோதரி ஒருவர் கணவரோடு ரியாத்தில் பல ஆண்டு இருந்துவிட்டு வந்தவர். அங்கே குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வரும், உதடு வெடிக்கும், இரவில் தொண்டை காய்ந்து இருமும். மருத்துவர் சொல்லி ஈரப்பதமூட்டி வாங்கினார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஊருக்கு வரும்போது அந்த மெஷினையும் கொண்டு வந்தார். இங்கே குழந்தைக்குச் சளி பிடித்ததும் அதைப் போட்டார். ஒரு மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. குழந்தைக்கு வீசிங் கூடியது. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே ‘அறையில் ஈரம் இருக்கிறதா?’ என்பதுதான். மெஷினை நிறுத்தி, பூஞ்சையைச் சுத்தம் செய்து, ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்.

ரியாத் பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஊர். அங்கே காற்று உண்மையிலேயே வறண்டது. ஜித்தாவும் துபாயும் கடலோரம், அங்கே நம் ஊரைப் போலப் புழுக்கம் உண்டு. ‘சவூதியில் உதவியது’ என்றாலும், எந்த ஊர் சவூதி என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஈரப்பதமூட்டி ரியாத்தில் மருந்து போன்றது. அதே மெஷின் பொத்தேரியில் சுமை.

‘எங்கள் வீட்டில் ஏ.சி. இருக்கிறது, அது காற்றை வறளச் செய்கிறதே’ என்று கேட்கலாம். ஏ.சி. ஈரத்தை எடுப்பது உண்மை. 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் தன் முதல் இயந்திரத்தை வடிவமைத்ததே ஓர் அச்சகத்தில் தாள் ஈரத்தால் நெளியாமல் இருக்கத்தான். உங்கள் ஏ.சி. குழாயிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீர் அறைக் காற்றிலிருந்து எடுத்ததுதான். ஆனாலும் நம் ஊர் ஏ.சி. அறைகளில் நாங்கள் அளந்து பார்த்தபோது 45 முதல் 60 சதவீதம் வரைதான் வந்தது. அது வறட்சி அல்ல, நல்ல அளவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50 வரை இருக்கட்டும் என்கிறது. ஏ.சி. அறையில் தொண்டை காய்ந்தால் முதலில் காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா என்று பாருங்கள். காற்றுத் தடுப்பை மேலே திருப்புங்கள். 18-இல் வைத்திருந்தால் 26-க்கு ஏற்றுங்கள். மூக்கடைப்பால் வாய் வழியே மூச்சு விடுகிறவர்களுக்கு எந்த மெஷின் வைத்தாலும் தொண்டை காயும். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவுகோல்

ஆகவே எதை வாங்குமுன்னும் ஈரப்பதமானி ஒன்றை வாங்குங்கள், அல்லது எங்களிடம் இரவல் பெறுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய டிஜிட்டல் கருவி போதும். சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலப் பிசையுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் கருவியையும் ஒரு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்று நாள், காலை, நடுப்பகல், இரவு என்று படுக்கையறையில் குறித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப 40-க்குக் கீழே போனால், உடம்பிலும் வறட்சி தெரிந்தால், அந்த அறைக்கு ஈரம் தேவை. 40-க்கும் 60-க்கும் நடுவே இருந்தால் எதையும் செய்ய வேண்டாம். 60-க்கு மேல் இருந்தால் ஈரம் சேர்க்கும் எந்தப் பொருளும் வேண்டாம். தூசிப் பூச்சியும் பூஞ்சையும் ஈரத்தில்தான் பெருகும். இரண்டும் ஆஸ்துமாக்காரர்களுக்கு எதிரி.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு

உங்கள் மகனோ மருமகனோ ரியாத்தில் இருக்கலாம். லண்டனிலோ டொராண்டோவிலோ குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் இருக்கலாம். அவர்களுக்கு உண்மையிலேயே வேண்டும். அவர்களுக்கு இதை அனுப்பிக் கொடுங்கள்.

ஈரப்பதமூட்டிகளில் பேட்டும் விசிறியும் உள்ள ஆவியாக்கும் வகை ஒன்று. புகை போலப் பனியைக் கக்கும் அல்ட்ராசோனிக் வகை ஒன்று. தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவி விடுவது ஒன்று. வீட்டுக்கு முதல் வகையே நல்லது என்பது எங்கள் கருத்து. காற்றில் ஈரம் கூடக் கூட அதன் வேகம் தானாகவே குறையும். தண்ணீரில் உள்ள உப்பு பேட்டிலேயே தங்கிவிடும். அல்ட்ராசோனிக் வகையோ தண்ணீரில் இருக்கும் உப்பு, அழுக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் காற்றில் வீசும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் மேசை மேல் வெள்ளைத் தூள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் குழந்தையும் சுவாசிக்கிறது. கொதிநீர் வகையில் குழந்தைகள் கை பட்டுச் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு.

எவ்வளவு பெரியது வேண்டும்? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். 26 டிகிரியில் 30 சதவீதத்தை 45-க்கு உயர்த்த 125 மில்லி தண்ணீர் போதும். அறைக் காற்று மணிக்கு ஒரு முறை மாறுகிறது என்று வைத்தால், எட்டு மணி நேர இரவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். இவ்வளவுதான். பெரிய மெஷின் தேவையில்லை. சிறிய அறையென்றால் துவைத்த துணிகளை இரவில் அறைக்குள் காயப் போட்டாலே பெரும்பாலும் போதும். செலவே இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தொட்டியின் வாய் கை நுழைந்து தேய்க்கும் அளவு அகலமாக இருக்க வேண்டும். மாற்று பேட் அந்த ஊரில் எளிதாகக் கிடைக்க வேண்டும். குறித்த ஈரப்பதம் வந்ததும் தானே நின்றுவிடும் வசதி இருந்தால் நல்லது. சுவரை ஒட்டியும் தலைமாட்டிலும் வைக்கக் கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். வாரம் இருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்புப் படிந்தால் வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். பேட் கறுத்தாலோ வாடை வந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று முக்கியம். தண்ணீரில் அத்தர், தைலம், கிருமிநாசினி எதையும் கலக்காதீர்கள். தென்கொரியாவில் 1994 முதல் ஈரப்பதமூட்டித் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினி கடைகளில் விற்றது. குடும்பத்தின் நலனுக்கென்று நம்பித்தான் தாய்மார்கள் வாங்கிக் கலந்தார்கள். அது நுரையீரலைப் பாதிக்கிறது என்று 2011-இல்தான் தெரியவந்தது. அதற்குள் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் இறந்துபோயிருந்தார்கள். சருமத்துக்கும் தரைக்கும் ஆகும் மருந்து நுரையீரலுக்கு ஆகும் என்று நினைக்கக் கூடாது.

கூலர் வைத்திருப்பவர்களுக்கு

ஏற்கெனவே கூலர் வாங்கியவர்கள் வருந்த வேண்டாம். முறையாகப் பயன்படுத்தினால் கோடைப் பகலில் அது உதவும்.

கூலரின் முதுகு திறந்த ஜன்னலை நோக்கி இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஜன்னலோ கதவோ திறந்திருக்கட்டும். உள்ளே வரும் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். அறையின் நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி இரண்டால் வகுத்தால் தேவையான காற்றளவு சி.எஃப்.எம். கணக்கில் கிடைக்கும். மேலே சொன்ன அறைக்கு 600. மாலையில் புழுக்கம் தொடங்கியதும் பம்ப் நிற்கட்டும், விசிறி ஓடட்டும்.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம். தகர உடல் கொண்ட கூலரில் மின் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் மட்டும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றுமுன் ஸ்விட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வீட்டு மெயினில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உடலில் லேசாக ‘ஷாக்’ அடித்தால் ‘இது அப்படித்தான்’ என்று விடாதீர்கள். அன்றே நிறுத்திவிடுங்கள்.

செலவும் பார்க்க வேண்டும். 150 வாட் கூலர் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். 2016 முதல் அரசு தரும் கட்டணமில்லா 100 யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே எடுத்துக்கொள்ளும். இரவில் பயனில்லாமல் ஓடுவது வீண்விரயம். தண்ணீரும் அப்படியே. லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்களில் இதைச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாகக் கொசு. இதில் நாங்களே மாட்டிக்கொண்டோம். நம் பெண்கள் மதரஸாவில் ஒரு கூலர் இருந்தது. கோடை முடிந்ததும் மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கி வைத்தோம். தொட்டியில் இருந்த தண்ணீரை யாரும் வெளியேற்றவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது வந்த டெங்கு களப்பணியாளர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. பிள்ளைகள் ஓதுகிற இடத்தில் டெங்குக் கொசுவை நாங்களே வளர்த்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது. இப்படிப்பட்ட தெளிந்த தேங்கிய நீரையே தேடும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தொட்டியை முழுக்கக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் மட்டும் போதாது. முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரியும். நார் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். எடுத்து வைக்கும் முன் பேட்டையும் தொட்டியையும் வெயிலில் காயவைத்து, துணியால் மூடிக் கட்டிவிட வேண்டும்.

இனி நாங்கள் செய்யப் போவது

இந்த அனுபவத்துக்குப் பிறகு நிர்வாகக் குழுவில் அமர்ந்து பேசி சில முடிவுகளை எடுத்திருக்கிறோம்.

ஒன்று, இனி வீட்டைப் பார்க்காமல், மூன்று நாள் அளக்காமல், கூலர் உதவியாகக் கொடுக்க மாட்டோம். படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு முதலில் கூரையைப் பார்ப்போம். சிமென்ட் ஷீட்டுக்கும் மொட்டை மாடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். வீட்டுக்குள் ஈரம் ஏறாது, மின்கட்டணம் ஏறாது. கோடைக்கு முன் இந்த வேலைக்கு இளைஞர்கள் முன்வர வேண்டுகிறோம். ஏணியும் வாளியும் எங்களிடம் இருக்கிறது. ஷீட்டின் மேல் யாரும் நேராகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் ஏற வேண்டும்.

இரண்டு, மூன்று ஈரப்பதமானிகள் வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாளுக்கு எடுத்துப் போகலாம். கட்டணம் இல்லை.

மூன்று, நாங்கள் கொடுத்த கூலர்களில் பயன்படாமல் இருப்பவற்றைத் திரும்பப் பெற்று, பகலில் வீட்டில் வேலை செய்யும் குடும்பங்களுக்குக் கொடுப்போம். திருப்பித் தருகிறவர்களுக்கு மேசை விசிறி தருவோம். யாரும் சங்கடப்பட வேண்டாம். தவறு எங்களுடையது.

நான்கு, ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் உள்ள எல்லாக் கூலர்களையும் கழுவிக் காயவைத்துக் கட்டும் பணி. முதலில் கழுவப்படுவது மதரஸாவின் கூலர்.

ஒருவருக்கு உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தால் போதாது என்பதை அந்த மூதாட்டியின் வீடு எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. கொடுத்த பொருள் அந்த வீட்டில் என்ன செய்கிறது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அவர்களுடைய கூரைக்கு இந்த மாதம் சுண்ணாம்பு அடிக்கிறோம். நேரம் உள்ளவர்கள் வாருங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளில் நலத்தையும், நம் செயல்களில் பயனையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.